ஹமாவின் உழவர் கட்சி

சிரியாவின் அரபு சோஷலிஸ்ட் கட்சி தனிக்கட்சியாக இயங்கியது ஏறத்தாழ மூன்றே ஆண்டுகள்தான். 1950 ஜனவரியில் ஹமா நகரத்து வழக்கறிஞர் அக்ரம் ஹவ்ரானி அதைத் தொடங்கினார். 1952இன் கடைசியில் மிஷெல் அஃப்லாக்கும் சலாஹுத்தீன் பிதாரும் நடத்திவந்த பாத் கட்சியோடு அதை இணைக்க முடிவாயிற்று. பெரிய நகரங்களில் அதற்குக் காலூன்ற இடம் கிடைக்கவில்லை. ஒரு மாவட்டத்துக் கட்சி என்று அதை எதிரிகள் ஏளனம் செய்ததில் உண்மையும் இருந்தது. ஆனாலும் சிரியாவை 1963 முதல் அறுபதாண்டுக்கு மேல் ஆண்ட கட்சியின் முழுப்பெயரான 'அரபு சோஷலிஸ்ட் பாத் கட்சி'யில் இருக்கும் 'சோஷலிஸ்ட்' என்ற சொல் ஹவ்ரானி கட்சி கொண்டுவந்த சீர். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்ற உழவர் கூட்டமும் அவரோடு வந்ததுதான். சிறிய கட்சியொன்று பெரிய அரசியலில் எந்த இடத்தைப் பிடிக்கிறது, அந்த இடத்தை எப்படி இழக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு அரபுலகில் அரிது.

இந்தக் கட்சி ஏன் ஹமாவில் பிறந்தது என்பதற்கு விடை அந்த ஊரின் நிலவுடைமையில் இருக்கிறது. ஓரண்டீஸ் ஆற்றங்கரையில், பெரும் மரச் சக்கரங்கள் நீர் இறைக்கும் அந்த நகரத்தில், நான்கு குடும்பங்கள் கோலோச்சின. அஸ்ம் குடும்பம் உதுமானியப் பேரரசின் ஆளுநர்களைத் தந்த குடும்பம். 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டிய மாளிகைகள் டமாஸ்கஸிலும் ஹமாவிலும் உள்ளன. கைலானிகள், தமிழ் முஸ்லிம்கள் முகியித்தீன் ஆண்டகை என்று போற்றும் அப்துல் காதிர் ஜீலானியின் வழிவந்தோராகத் தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள். பராஸிகள் குர்திய வேர் உடையவர்கள். நான்காவது, தய்ஃபூர் குடும்பம். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெரும்பங்கு இவர்கள் கையில் இருந்தது. நிலம் மட்டும் அல்ல, ஊரே அவர்கள் உடைமை. வீடு, கிணறு, விதை, எருது என்று எதைத் தொட்டாலும் அதற்குச் சொந்தக்காரர் நகரத்தில் இருந்தார்.

உழவர்கள் வாரத்துக்குப் பயிரிட்டார்கள். உடல் உழைப்பை மட்டும் தரக்கூடிய குடியானவருக்குக் குடிவாரம் விளைச்சலில் நான்கில் ஒரு பங்கு. மீதி மேல்வாரமாக நகரத்துக்குப் போய்விடும். மழை பொய்த்தால் அந்த நாலில் ஒன்றும் கடனுக்கே போய்ச் சேரும். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. ஆகாவோ பேயோ நினைத்தால் ஒரு குடும்பத்தை ஒரே நாளில் ஊரைவிட்டுக் கிளப்பிவிடலாம். ஆகா, பே என்பவை உதுமானியர் காலத்துப் பட்டங்கள். உழவர் பேச்சில் அவை நிலக்கிழாரைக் குறிக்கும் பொதுப்பெயர்களாகிவிட்டிருந்தன. கிராமங்களில் சுன்னிகள், அலவிகள், இஸ்மாயிலிகள், கிறிஸ்தவர்கள் என்று பலரும் இருந்தார்கள். நிலக்கிழார்கள் நகரத்துச் சுன்னிகள். மதப் பிரிவுகளைத் தாண்டிய ஒரு குறை அங்கே இருந்தது என்பதும், அதைச் சொல்ல ஆளில்லாமல் இருந்தது என்பதும் பின்னால் நடந்தவற்றுக்கு அடிப்படை.

ஹவ்ரானி 1910களின் தொடக்கத்தில் ஹமாவில் பிறந்தவர். டமாஸ்கஸில் சட்டம் படித்தவர். இளமையில் சிறிதுகாலம் அன்தூன் சஆதாவின் சிரிய தேசியக் கட்சியில் இருந்தார். 1930களின் இறுதியில் அவருடைய உறவினரும் ஆசிரியருமான உஸ்மான் ஹவ்ரானி ஹமாவில் இளைஞர் கட்சி என்ற சிறு அமைப்பைத் தொடங்கியிருந்தார். அதன் தலைமை விரைவில் அக்ரம் ஹவ்ரானியின் கைக்கு வந்தது. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த பள்ளி மாணவர்கள், சிறுகடைக்காரர்கள், வழக்கறிஞர்கள் அதில் இருந்தார்கள். நகரத்து இளைஞர்களின் தேசியக் கோபத்தைக் கிராமத்து உழவர்களின் நிலக்கோபத்தோடு சேர்த்தால்தான் அரசியல் செய்ய முடியும் என்று ஹவ்ரானி கண்டுகொண்டது அந்த ஆண்டுகளில்தான். நான்கு குடும்பங்களின் பிள்ளைகளும் தேசியம் பேசினார்கள், பிரெஞ்சுக்காரர்களோடு பேச்சுவார்த்தை நடத்தினார்கள், அமைச்சர்களானார்கள். தேசியம் பேசுவதால் மட்டும் அவர்களை வெல்ல முடியாது. நிலம் என்று சொன்னால் அவர்களால் பதில் சொல்ல முடியாது.

1943 தேர்தலில் ஹவ்ரானி ஹமாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அன்றைய சிரியத் தேர்தல் இரண்டு கட்டமாக நடந்தது: மக்கள் முதலில் வாக்காளர் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்தக் குழு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும். குழுவை விலைக்கு வாங்குவதும் மிரட்டுவதும் நிலக்கிழாருக்கு எளிது. நேரடித் தேர்தல் வேண்டும் என்ற குரலில் ஹவ்ரானியின் குரலும் பாத் கட்சியின் குரலும் உரத்து ஒலித்தன. 1947இல் நேரடித் தேர்தல் வந்தது. உழவனின் வாக்கு அவன் கையில் ஓரளவேனும் தங்கத் தொடங்கியதும், ஹமாவின் அரசியல் நான்கு மாளிகைகளுக்குள் முடிந்துவிடும் காலம் முடிவுக்கு வந்தது.

கிராமம் ஹவ்ரானியின் ஒரு கால் என்றால் மறுகால் ராணுவம். 1941இல் ஈராக்கில் ரஷீத் அலி கைலானி பிரித்தானியரை எதிர்த்துக் கிளம்பியபோது ஹவ்ரானி துணைக்குப் போனார். 1945இல் ஹமாவில் பிரெஞ்சுப் படையோடு நடந்த மோதலில் இளம் அதிகாரி அதீப் ஷிஷாக்லியோடு சேர்ந்து நின்றார், ஷிஷாக்லியும் ஹமாக்காரர். 1948இல் இருவரும் தொண்டர் படையோடு பாலஸ்தீனம் போனார்கள். பழைய குடும்பங்கள் ராணுவ உத்தியோகத்தைத் தம் தகுதிக்குக் குறைவானதாகக் கருதின. பணம் கொடுத்துப் பிள்ளைகளை விலக்கிக்கொண்டன. விடுதலைக்குப் பிறகு ஹோம்ஸ் ராணுவக் கல்லூரி, கட்டணம் கட்ட வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அரிய படிக்கட்டாயிற்று. அங்கே சேருங்கள் என்று தன் இளைஞர்களை ஹவ்ரானி ஊக்கினார். முஸ்தஃபா ஹம்தூன், அப்துல் கனி கன்னூத் போன்ற அதிகாரிகள் இந்த வழியில் வந்தவர்கள். பின்னாளில் சிரியாவின் தலையெழுத்தை எழுதிய பழக்கம் ஒன்று இப்படித் தொடங்கியது: வாக்குப்பெட்டியில் வெல்ல முடியாததைப் பாசறை வழியாக வெல்லலாம் என்ற நம்பிக்கை.

1949 ஒரே ஆண்டில் சிரியா மூன்று ராணுவப் புரட்சிகளைக் கண்டது. மார்ச் 30இல் ஹுஸ்னி ஸயீம், ஆகஸ்ட் 14இல் சாமி ஹின்னாவி, டிசம்பர் 19இல் ஷிஷாக்லி. மூன்றிலும் ஹவ்ரானியின் நிழல் உண்டு. ஸயீமை முதலில் ஆதரித்தார். ஸயீம் தன் பிரதமராக ஹமாவின் பராஸிக் குடும்பத்து முஹ்சின் பராஸியை வைத்துக்கொண்டதும் விலகினார். ஹின்னாவியின் புரட்சிக்குப் பின் அமைந்த அரசில் வேளாண் அமைச்சரானார். அதே அமைச்சரவையில் அஃப்லாக் கல்வி அமைச்சர். ஹாஷிமிய மன்னராட்சி நடந்த ஈராக்கோடு இணையும் திட்டம் முன்னுக்கு வந்தபோது அதை எதிர்த்தார். ஷிஷாக்லி தலையிட்டு ஹின்னாவியை அகற்றியதும் பாதுகாப்பு அமைச்சரானார். இளைஞர் கட்சியை அரபு சோஷலிஸ்ட் கட்சி என்ற பெயரில் விரிவுபடுத்தியது இந்தச் சூழலில்தான்: தலைவர் பாதுகாப்பு அமைச்சர், நண்பர் ராணுவத்தின் உண்மையான எசமானர், அடித்தளம் ஹமாவைச் சுற்றிய கிராமங்கள்.

கட்சியின் கொள்கை நூல்களில் தேடிக் கண்டெடுக்க வேண்டியதாக இல்லை. நிலம் உழுபவனுக்கே என்பதுதான் அதன் சுருக்கம். மார்க்ஸியம் பேசவில்லை, வர்க்கப் போர் என்ற சொல்லை முன்வைக்கவில்லை, தனியுடைமையை ஒழிப்பதாகவும் சொல்லவில்லை. நிலவுடைமைக்கு உச்சவரம்பு, அரசு நிலத்தை நிலமற்றோருக்குப் பகிர்ந்தளிப்பு, வாரக்குடியை வெளியேற்றுவதற்குத் தடை, கிராமத்துக்குப் பள்ளி, மருத்துவம் என்பவை அதன் கோரிக்கைகள். அன்றைய அரபுக் கட்சிகளில் பெரும்பாலானவை பாலஸ்தீனம், அரபு ஒற்றுமை, அயலார் தளங்கள் ஆகியவற்றைப் பற்றித் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தன. ஹவ்ரானி கட்சியும் போட்டது. ஆனால் அதன் ஊழியர்கள் கிராமங்களுக்குப் போய் மேல்வாரக் கணக்கைப் பேசினார்கள். ஆகா வந்தால் எழுந்து நிற்க வேண்டியதில்லை என்றார்கள். கூடைக்கும் மண்வெட்டிக்கும் வேலை வந்துவிட்டது, ஆகாவையும் பேயையும் புதைக்க வேண்டும் என்ற பொருளில் உழவர்கள் ஊர்வலங்களில் முழக்கமிட்டார்கள். நிலக்கிழாரின் ஆட்களுக்கும் உழவர்களுக்கும் மோதல் வெடித்தது.

1950 செப்டம்பரில் நிறைவேறிய அரசியல் சட்டத்தில் இந்த அழுத்தத்தின் தடம் இருக்கிறது. நிலவுடைமைக்கு வட்டாரத்துக்கேற்ப உச்சவரம்பு சட்டத்தால் வகுக்கப்படும் என்று அது சொன்னது. அந்தச் சட்டம் பழைய உடைமைகளுக்குப் பொருந்தாது என்று கூடவே சேர்த்ததில் நிலக்கிழார்களின் கை தெரிகிறது. இருக்கும் பண்ணைகளைத் தொடாமல் இல்லாத பண்ணைகளுக்கு வரம்பு வகுத்த விதி அது. சின்னக் கட்சி ஒன்று சட்டமன்றத்தில் எவ்வளவு தூரம் போக முடியும், எங்கே தடுக்கப்படும் என்பதற்கு அந்த ஒரு விதியே அளவுகோல்.

சட்டமன்றத்தில் கிடைக்காததை மக்கள்திரளில் தேட, 1951 செப்டம்பரில் அலெப்போவில் கட்சி ஓர் உழவர் மாநாட்டைக் கூட்டியது. பல ஆயிரம் உழவர்கள் வந்தார்கள். சிரியாவில் அதற்குமுன் உழவர்கள் உழவர்களாகவே திரண்டு, தம் குறையைத் தம் வாயால் ஒரு பெருநகரத்தில் சொன்னதில்லை. கிராமத்தான் நகரத்துக்கு வருவதென்றால் சந்தைக்கோ நீதிமன்றத்துக்கோ ஆகாவின் வாசலுக்கோ வருவது என்பதே அதுவரை வழக்கம். மாநாட்டின் தீர்மானங்கள் உடனே எதையும் மாற்றிவிடவில்லை. ஆனால் சிரிய அரசியல் மேடையில் உழவர் என்ற புதிய தரப்பு இடம்பிடித்துவிட்டது. அதன்பின் எந்த ஆட்சியாளரும் அந்தத் தரப்பை அறியாதவர்போல் நடிக்க முடியவில்லை.

முதலில் அதைப் பயன்படுத்தப் பார்த்தவர் ஷிஷாக்லிதான். 1951 நவம்பரில் இரண்டாம் முறையாகப் புரட்சி செய்து முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்ட அவர், 1952 ஜனவரியில் அரசு நிலங்களைப் பகிர்ந்தளிக்க ஆணை பிறப்பித்தார். ஹவ்ரானியின் கோரிக்கையில் எளிதான பாதியை எடுத்துக்கொண்டு கடினமான பாதியை, அதாவது நிலக்கிழாரின் நிலத்தை, விட்டுவிட்டார். ஏப்ரலில் எல்லாக் கட்சிகளையும் தடைசெய்தார். பழைய நண்பரின் கட்சியும் தப்பவில்லை. பாசறையை நம்பிய அரசியலுக்குக் கிடைத்த முதல் பாடம் இது. பாசறை ஒரு கட்சிக்குக் கதவைத் திறந்துவிடும். பிறகு கதவைச் சாத்தவும் அதுவே செய்யும்.

ஹவ்ரானியும் அஃப்லாக்கும் பிதாரும் லெபனானுக்குப் போனார்கள். அங்கே இரு கட்சிகளும் இணைய முடிவெடுத்தன. ஷிஷாக்லியின் அழுத்தத்தால் லெபனானிலிருந்தும் வெளியேறி இத்தாலி சென்ற மூவரும் 1953 அக்டோபரில் பொதுமன்னிப்புக்குப் பின் நாடு திரும்பினார்கள். இணைப்பு இரு தரப்புக்கும் தேவைப்பட்டது. பாத் கட்சி 1947 ஏப்ரலில் டமாஸ்கஸில் தொடங்கப்பட்டது. பாரிஸில் படித்துத் திரும்பிய ஆசிரியர்கள் நடத்தியது. மாணவர்களும் ஆசிரியர்களும் நிறைந்தது. அரபு நாடுகள் அனைத்துக்குமான கோட்பாடு அதனிடம் இருந்தது. ஒரு கிராமம்கூட அதன் கையில் உறுதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஹவ்ரானியிடம் கிராமங்கள் இருந்தன; அதிகாரிகள் இருந்தார்கள்; தேர்தல் வெல்லும் கலை இருந்தது. ஹமாவைத் தாண்டிப் பேசத்தக்க கோட்பாடு இல்லை.

இணைப்பின் விதிமுறைகளில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது வெளிப்படை. ஹவ்ரானி பாத் கட்சியின் சாசனத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார். கோட்பாட்டில் எந்தத் திருத்தமும் அவர் கேட்கவில்லை. புதிய கட்சியின் பெயரில் 'சோஷலிஸ்ட்' சேர்ந்தது. தலைமையில் ஹவ்ரானிக்கு அஃப்லாக், பிதார் ஆகியோருக்கு இணையான இடம் கிடைத்தது. கோட்பாட்டைச் சில்லறை விஷயமாகக் கருதிய அரசியல்வாதியும், தேர்தலைச் சில்லறை விஷயமாகக் கருதிய சிந்தனையாளரும் ஒருவர் குறையை மற்றவர் நிரப்பிக்கொண்டதாக நினைத்தார்கள். உண்மையில் கட்சிக்குள் இரண்டு கட்சிகள் பக்கத்துப் பக்கத்து அறைகளில் குடியிருந்தன. ஹமாவின் ஊழியர் ஹவ்ரானியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். கட்சிக் குழுவின் தீர்மானத்துக்கு அல்ல.

பலன் உடனே கிடைத்தது. 1954 பிப்ரவரி 25 அன்று முஸ்தஃபா ஹம்தூன் அலெப்போ வானொலியைக் கைப்பற்றி ஷிஷாக்லிக்கு எதிரான கிளர்ச்சியை அறிவித்தார். ஷிஷாக்லி நாட்டைவிட்டு ஓடினார். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் நடந்த தேர்தல் அரபுலகில் நடந்த சுதந்திரமான தேர்தல்களில் ஒன்றாக இன்றும் சொல்லப்படுகிறது. 142 இடங்களில் இணைந்த கட்சிக்கு இருபதை ஒட்டிய இடங்கள். அவற்றில் ஹமா வட்டாரத்தின் பங்கு கணிசமானது. பழைய கட்சிகளான தேசியக் கட்சியும் மக்கள் கட்சியும் குடும்பச் செல்வாக்குகளின் கூட்டணிகள். பாத் அணிக்கோ கட்டுப்பாடும் அதிகாரிகளின் ஆதரவும் இருந்தன. 1955இல் பாத் ஆதரவாளரான கர்னல் அத்னான் மால்கி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அந்தப் பழி விழுந்த சிரிய தேசியக் கட்சி நசுக்கப்பட்டது. பாத் அணியின் ராணுவப் போட்டியாளர்களில் ஒருவர் குறைந்தார். 1956இல் பிதார் வெளியுறவு அமைச்சர். 1957 அக்டோபரில் ஹவ்ரானி நாடாளுமன்றத் தலைவர். ஒரு மாவட்டக் கட்சியின் தலைவர், கட்சி தொடங்கி எட்டாண்டுக்குள், நாட்டின் உச்ச பதவிகளில் ஒன்றை அடைந்திருந்தார்.

அந்த உச்சத்திலிருந்து எடுத்த அடுத்த அடி அனைத்தையும் கலைத்தது. உள்நாட்டில் கம்யூனிஸ்டுகள் வளர்வதும் வெளியே துருக்கி, ஈராக், அமெரிக்கா ஆகியவற்றின் அழுத்தமும் சேர்ந்து, எகிப்தோடு இணைவதே பாதுகாப்பு என்ற முடிவுக்குப் பாத் அணியையும் அதிகாரிகளையும் தள்ளின. 1958 ஜனவரியில் சிரிய அதிகாரிகள் கெய்ரோவுக்குப் பறந்தார்கள். எகிப்து அதிபர் ஜமால் அப்துல் நாசர் போட்ட நிபந்தனைகளில் முக்கியமானது: கட்சிகள் கலைக்கப்பட வேண்டும். பாத் அணி ஒப்புக்கொண்டது. அரபு ஒற்றுமையைத் தன் முதல் மந்திரமாகக் கொண்ட கட்சி, அந்த மந்திரம் பலித்த அன்றே இல்லாமற்போயிற்று. பிப்ரவரியில் ஐக்கிய அரபுக் குடியரசு பிறந்தது. ஹவ்ரானி அதன் துணைத்தலைவர்களில் ஒருவரானார்.

பதவி இருந்தது, கட்சி இல்லை. ஆனாலும் பழைய கோரிக்கை அப்போதுதான் சட்டமாயிற்று. 1958 செப்டம்பரில் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டம், பாசன நிலத்துக்கு 80 ஹெக்டேரும் வானம் பார்த்த பூமிக்கு 300 ஹெக்டேரும் உச்சவரம்பாக வகுத்தது. நிலச்சீர்திருத்தத்துக்குச் சிரியப் பகுதியில் பொறுப்பேற்ற அமைச்சர் முஸ்தஃபா ஹம்தூன். சமூக நலத்துறை கன்னூத்திடம். ஹமாவின் இளைஞர்கள் நிலக்கிழார்களின் பண்ணைகளை அளக்க அதிகாரம் பெற்றார்கள். அதே ஆண்டுகளில் கடும் வறட்சி தாக்கியதும், பழைய கடன் உறவுகள் அறுந்த இடத்தில் புதியவை உருவாகாததும் சீர்திருத்தத்துக்கு அவப்பெயர் சேர்த்தன. கலைக்கப்பட்ட கட்சிகளுக்குப் பதிலாக அமைந்த ஒரே அமைப்பான தேசிய ஒன்றியத்துக்கு 1959இல் நடந்த தேர்தலில் பாத்காரர்கள் படுதோல்வி அடைந்தார்கள். நாசர் அவர்களைக் கைதூக்கிவிடவில்லை. கெய்ரோவே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது என்ற கசப்பு முற்றி, 1959 டிசம்பரில் ஹவ்ரானியும் அவருடைய சகாக்களும் பதவி விலகினார்கள்.

1961 செப்டம்பர் 28 அன்று சிரிய அதிகாரிகள் எகிப்தோடான ஒன்றியத்தை உடைத்தார்கள். பிரிவினையை ஆதரித்த அறிக்கையில் ஹவ்ரானியும் பிதாரும் கையெழுத்திட்டார்கள். பிதார் பின்னர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார், ஹவ்ரானி பெறவில்லை. டிசம்பர் தேர்தலில் ஹமா அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தது. ஆனால் ஒற்றுமையைத் தெய்வ வாக்காகக் கொண்ட கட்சிக்குள் பிரிவினைவாதி என்ற பட்டம் சாதாரணமானதல்ல. 1962இல் ஹவ்ரானிக்கும் அஃப்லாக்கின் தலைமைக்கும் இடையிலான உறவு முறிந்தது. பத்தாண்டுக்கு முன் இணைந்தவை பிரிந்தன. ஹவ்ரானியின் தொண்டர்கள் அரபு சோஷலிஸ்டுகள் என்ற பழைய பெயரில் தனியே நின்றார்கள். இணைப்பில் கொடுத்த 'சோஷலிஸ்ட்' என்ற சொல்லை மட்டும் அவர்களால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. அது பாத் கட்சியின் பெயரிலேயே தங்கிவிட்டது.

கிராமங்களும் தங்கிவிட்டன என்பது பெரிய இழப்பு. 1963 மார்ச் 8 அன்று பாத் அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தபோது ஹவ்ரானி சிறைக்குப் போனார். பிறகு நாட்டைவிட்டு வெளியேறினார். அந்தப் புரட்சியின் பின்னணியில், ஒன்றியக் காலத்தில் கெய்ரோவில் ரகசியமாக உருவான ராணுவக் குழு இருந்தது. முஹம்மது உம்ரான், சலாஹ் ஜதீத், ஹாஃபிஸ் அசத் போன்ற அதன் உறுப்பினர்கள் மலைக் கிராமங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் வந்தவர்கள். கிராமத்துப் பிள்ளைகள் ராணுவக் கல்லூரி வழியாக மேலேறலாம் என்று ஹவ்ரானி காட்டிய பாதையில் அவரைத் தாண்டி நடந்தவர்கள் அவர்கள். 1963இல் உச்சவரம்பை மேலும் குறைத்தார்கள். பாசன நிலத்துக்கு அது வட்டாரத்தைப் பொறுத்து 15 முதல் 55 ஹெக்டேர் ஆயிற்று. 1964இல் உழவர் பொதுச் சங்கம் அமைத்தார்கள். அலெப்போ மாநாட்டில் உழவர்கள் தம் குறையைத் தாமே சொன்னார்கள்; சங்கத்திலோ அவர்களுக்காக அரசு பேசியது. ஹவ்ரானியின் திட்டம் நிறைவேறியது, அவர் இல்லாமல். அவர் எழுப்பிய உழவர் அமைப்பும் நிலைபெற்றது, உழவரின் குரல் இல்லாமல்.

இங்கே லெபனானின் முற்போக்கு சோஷலிஸ்ட் கட்சியை ஒப்புநோக்கலாம். 1949இல் கமால் ஜும்பலாத் தொடங்கிய அதுவும் சிறிய கட்சிதான். ஜும்பலாத் நிலக்கிழார், ஷூஃப் மலையின் துரூஸ் சமூகத்துக்குப் பரம்பரைத் தலைவர். 1977இல் அவர் கொல்லப்பட்டதும் மகன் வலீத் தலைமை ஏற்றார். 2023இல் தலைமை பேரன் தைமூரிடம் போனது. கொள்கை எதுவாயினும் சமூகப் பிணைப்பு அந்தக் கட்சியைத் தாங்கிப் பிடித்தது. ஹவ்ரானியின் கட்சி பல பிரிவு உழவர்களை ஒரே குறையின் பேரில் சேர்த்தது. அதில் அது ஜும்பலாத்தின் கட்சியைவிடப் புதுமையானது. அந்தக் குறையைத் தீர்ப்பதாக அரசே முன்வந்தபோது கட்சியைத் தாங்க வேறு பிணைப்பு இல்லை. சோஷலிஸத்தில் உறுதியாக இருந்ததே அதன் வாழ்நாளைக் குறைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

1970இல் ஹாஃபிஸ் அசத் முழு ஆட்சியையும் கைப்பற்றினார். இரண்டாண்டில், 1972 மார்ச்சில், தேசிய முற்போக்கு முன்னணி என்ற கூட்டை அமைத்தார். பாத், கம்யூனிஸ்ட் கட்சி, நாசரிய அரபு சோஷலிஸ்ட் யூனியன், ஒன்றியவாத சோஷலிஸ்டுகள் ஆகியோரோடு அரபு சோஷலிஸ்ட் இயக்கமும் அதில் இடம்பெற்றது. பழைய ஹவ்ரானி ஆதரவாளர்களில் ஒரு பகுதியை அப்துல் கனி கன்னூத் முன்னணிக்குள் கொண்டுவந்தார்; ஹவ்ரானி வெளிநாட்டிலிருந்து எதிர்த்தார். 1973 அரசியல் சட்டத்தின் எட்டாவது விதி பாத் கட்சியைச் சமூகத்தையும் அரசையும் வழிநடத்தும் கட்சி என்று அறிவித்தது. முன்னணியின் தலைமைக் குழுவில் பாத்துக்கே பெரும்பான்மை. ராணுவத்திலும் மாணவர்களிடையிலும் வேறு கட்சி வேலைசெய்யக் கூடாது என்பது சேர்க்கைக்கான நிபந்தனை.

அந்த நிபந்தனை அரபு சோஷலிஸ்டுகளுக்கு என்ன செய்தது என்பதைக் கட்சியின் முன்வரலாறே சொல்லும். அதன் இளைஞர் கட்சிக் காலத்து வேர் மாணவர்கள். செல்வாக்கின் வேர் அதிகாரிகள். இரண்டையும் விலக்கிவிட்டு, மூன்றாவது வேரான உழவர்களை அரசின் சங்கத்துக்குள் வைத்த பிறகு, கட்சிக்கு மிஞ்சியது அலுவலகமும் பெயர்ப்பலகையும் மக்கள் அவையில் ஒதுக்கிக் கொடுத்த சில இடங்களும்தான். தேர்தலில் முன்னணிப் பட்டியல் முன்கூட்டியே முடிவாகிவிடும். அதில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதையும் பாத் தலைமை முடிவுசெய்யும். 1990இல் அவையின் இடங்கள் 195இலிருந்து 250ஆக உயர்ந்தன. முன்னணியின் பெரும்பான்மை அசையவில்லை. சிறு கட்சிகள் தம் பத்திரிகைகளை வெளிப்படையாக விற்பதற்கே 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முன்னணிக்குள் இருந்த அரபு சோஷலிஸ்டுகளும் மேலும் துண்டுபட்டார்கள். துண்டுபட்டவர்களும் முன்னணிக்குள்ளேயே தனித்தனி இருக்கை பெற்றார்கள். வாக்காளர்களிடம் கணக்குக் காட்ட வேண்டிய கட்சி பிளந்தால் இரு பாதிகளும் பலவீனமாகும். ஆளுங்கட்சியின் தயவில் வாழும் கட்சி பிளந்தால் இருக்கைகள் மட்டுமே கூடும். இதே பெயர் எதிரணியிலும் இருந்தது. முன்னணியை ஏற்காத அரபு சோஷலிஸ்டுகள், 1979இல் ஜமால் அத்தாசி முயற்சியில் அமைந்த தேசிய ஜனநாயகக் கூட்டணியில் சேர்ந்தார்கள். அத்தாசியின் கட்சியான அரபு சோஷலிஸ்ட் யூனியனும் இப்படிப் பிளந்ததே: எட்டாவது விதியை ஏற்காமல் 1973இல் முன்னணியிலிருந்து வெளியேறிய அவருடைய அணி ஜனநாயகம் என்ற சொல்லைப் பெயரில் சேர்த்துக்கொண்டது, தங்கியவர்கள் பழைய பெயரோடு தங்கினார்கள். எதிரணியில் இருந்தவர்களுக்குச் சட்ட அங்கீகாரமோ அவையில் இடமோ இல்லை, சிறை இருந்தது. ஆயினும் 2001இன் டமாஸ்கஸ் விவாத அரங்குகளிலும் 2005இன் டமாஸ்கஸ் பிரகடனத்திலும் சிரியாவின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசியவர்களில் இவர்கள் இருந்தார்கள். முன்னணியின் இருக்கைகளில் அமர்ந்தவர்கள் அந்தப் பேச்சில் இல்லை.

ஹமாவின் கதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. நிலக்கிழார் குடும்பங்களின் செல்வாக்கு ஒடிந்த நகரத்தில், உழவர் கட்சியும் ஒடிந்த பிறகு, புதிய ஆட்சியை எதிர்க்கும் குரல் மசூதியிலிருந்து எழுந்தது. 1964இல் ஒரு கிளர்ச்சி. 1982 பிப்ரவரியில் முஸ்லிம் சகோதரத்துவத்தின் எழுச்சியை அசத்தின் படைகள் நசுக்கியபோது நகரின் பழைய பகுதிகள் தரைமட்டமாயின. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். 1950களில் ஹமாவின் பகை ஆகாவுக்கும் குடியானவருக்கும் இடையில் இருந்தது. 1980களில் அது நகரத்துக்கும் கிராமத்திலிருந்து வந்த படைக்கும் இடையில், சுன்னிக்கும் அலவிக்கும் இடையில் என்று மாறியிருந்தது. பல பிரிவு உழவர்களை ஒரே கோரிக்கையில் சேர்த்த அமைப்பு அழிந்ததன் விலையில் ஒரு பகுதி இது.

கட்சியை இணைத்த மூவரும் சிரியாவுக்கு வெளியே இறந்தார்கள். பிதார் 1980இல் பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அஃப்லாக் 1989இல் பாரிஸில் காலமாகி பாக்தாதில் அடக்கமானார். ஹவ்ரானி 1996இல் அம்மானில் இறந்தார். அவருடைய நினைவுக்குறிப்புகள் நான்கு தொகுதிகளாக 2000இல் கெய்ரோவில் வெளிவந்தன. அந்த நினைவுகள் டமாஸ்கஸில் வெளிவர வழியில்லாத காலம் அது. அவர் பெயர் சொல்லி முன்னணியில் அமர்ந்தவர்கள் அப்போதும் டமாஸ்கஸில் இருந்தார்கள்.

சிறிய கட்சியின் இடத்தை அவையின் இருக்கைகளைக் கொண்டு அளந்தால் இந்த வரலாறு தலைகீழாகப் புரியும். 1950இல் விரல்விட்டு எண்ணக்கூடிய அவை உறுப்பினர்களோடு இருந்த கட்சி, அரசியல் சட்டத்தில் ஒரு விதியை நுழைத்தது. ஒரு பெருநகரத்தை உழவர்களால் நிரப்பியது. ஆட்சியாளர்கள் தன் கோரிக்கையைத் திருடும் அளவுக்கு அதை வலுவாக்கியது. 1972க்குப் பிறகு அமைச்சர் பதவியும் ஒதுக்கிய இருக்கையும் உறுதியாக இருந்த அதே பெயருள்ள இயக்கத்தால் ஒரு மேல்வாரத்தையும் குறைக்க முடியவில்லை, ஒரு தீர்மானத்தையும் தடுக்க முடியவில்லை. இடையில் நடந்த தவறு இணைப்பு மட்டுமல்ல. அதிகாரிகளை நம்பிக் குறுக்கு வழியில் போனது, கட்சியை ஒருவரின் ஆளுமையைச் சுற்றி மட்டும் கட்டியது, 1958இல் கட்சியைக் கலைக்க ஒப்பியது என்ற மூன்றும் அதில் உண்டு. மூன்றிலும் ஒரே பொருள்: உழவர்களிடம் இருந்த பலத்தை வேறிடத்தில் உள்ள பலத்துக்கு மாற்றிக்கொண்டது.

2012இல் புதிய அரசியல் சட்டம் எட்டாவது விதியை நீக்கியது. போர் நடந்துகொண்டிருந்த நாட்டில் முன்னணி அப்போதும் பட்டியல் போட்டு வென்றுகொண்டே இருந்தது. 2024 டிசம்பர் 8 அன்று ஹாஃபிஸின் மகன் பஷார் அசத்தின் ஆட்சி வீழ்ந்தது. 2025 ஜனவரி 29 அன்று டமாஸ்கஸில் கூடிய கிளர்ச்சிப் படைகளின் வெற்றி மாநாடு, பாத் கட்சியையும் தேசிய முற்போக்கு முன்னணியின் கட்சிகளையும் கலைத்தது. வேறு பெயரில் அவை மீண்டும் அமையக் கூடாது, சொத்துகள் அரசைச் சேரும் என்றது. முன்னணியின் சிறு கட்சிகள் பாத்தோடு ஒரே வரியில் கலைக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்கு மேல் அதன் தயவில் இருந்தவற்றுக்குத் தனியாக ஒரு வரி எழுதவேண்டிய தேவை யாருக்கும் ஏற்படவில்லை. ஹமாவின் உழவர் கட்சி 1952இல் தடைசெய்யப்பட்டபோது நிலைமை வேறு. அன்று அதைத் தடைசெய்தவர் அதன் கோரிக்கையில் பாதியையாவது முதலில் நிறைவேற்ற வேண்டியிருந்தது.